மெழுகுத் தரையில் பதினெட்டு அடி

புதுப் பூட்ஸுக்கு லாடம் அடித்தவன் நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபது வருஷம் பிடித்தது. அதுவும் ஏனோதானோவென்று அடிக்கவில்லை. குதிகாலுக்கு அரைவட்டமாக ஒன்று, முன்பக்கத்துக்குப் பிறை மாதிரி ஒன்று, நடுவில் கொண்டை ஆணிகள் ஐந்து. தோல் தேயாது, எனக்குப் பிறகு என் பிள்ளை போட்டுக்கொள்வான் என்று எண்ணம். எனக்கு அப்போது பிள்ளையே இல்லை. அந்த லாடத்தோடு ஒரு சனிக்கிழமை காலை மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்தேன். வாசலில் ஆரம்பித்த நமஸ்காரத்தை அவருடைய மேஜைக்கு அடியில் சொல்லி முடித்தேன். நடுவிலிருந்த பதினெட்டு அடியையும் உட்கார்ந்தபடியே கடந்தேன். கையிலிருந்த ஃபைலை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். அதில் ஒரு காகிதம் கசங்கவில்லை. என் உத்தியோக காலத்தில் ஒரு ஃபைலை அவ்வளவு துரிதமாக நான் மேலிடம் சேர்த்ததில்லை.

அப்போது நான் மைசூரில் மகாராஜா சர்க்காரின் ஓர் இலாகாவில் குமாஸ்தா. இலாகாவின் பெயர் வேண்டாம்; இன்னும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் மேலதிகாரியை எல்லோரும் சாகேப் என்போம். அவர் வெள்ளைக்காரர் அல்ல, சீமைக்குப் போனவரும் அல்ல. நம்மைப்போல் ராகிக்களி தின்று வளர்ந்தவர்தான். ஆனால் அவருக்கு ஒரு தரை இருந்தது.

சிலருக்குக் குதிரை, சிலருக்குச் சங்கீதம், அவருக்குத் தரை. அறை முழுவதும் கறுப்புக் கல் பாவியது. தினமும் விடியற்காலையில் டபேதார் வந்து, மெழுகைத் தேங்காயெண்ணெயில் உருக்கித் தடவி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேய்ப்பான். டபேதார் என்றால் வெள்ளிப் பட்டையும் சிவப்புக் கச்சையும் கட்டிக்கொண்டு அறைவாசலில் நிற்கிற பெரிய சேவகன். அவன் தேய்த்து முடித்த தரையில் குனிந்து பார்த்தால் முகம் தெரியும். நிமிர்ந்து நடந்தால் முகம் தரையில் படும்.

அந்த அறைக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. செருப்புப் போட்டு வருகிறவன் அதை வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நாலு அடி உள்ளே வந்து நிற்க வேண்டியது. சாகேப் அங்கிருந்தபடி கன்னடத்தில் கேட்பார்; இவன் இங்கிருந்தபடி கன்னடத்தில் சொல்வான். கோட்டு, தலைப்பாகை, பூட்ஸ் என்று வருகிறவரோ பூட்ஸைக் கழற்ற வேண்டாம். மேஜைவரை போகலாம். நாற்காலியில் உட்காரலாம். அவரிடம் சாகேப் இங்கிலீஷில் பேசுவார். இங்கிலீஷில் ‘நீ’ என்று தனியாக ஒன்று இல்லை. அந்த பாஷையில் எனக்குப் பிடித்த அம்சமே அதுதான்.

நான் ஒன்பது வருஷம் அந்த நாலாவது அடியில் நின்றவன். சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பக்கக் குறிப்பை நின்றபடியே வாசித்திருக்கிறேன். மார்கழி மாதத்தில் அந்தக் கல் சில்லிட்டுப் போகும். கொக்கு மாதிரி ஒரு காலை மடக்கி, மறுகாலில் நின்று, பக்கம் திருப்பும்போது கால் மாற்றிக்கொள்வேன். முழங்காலில் அப்போது புகுந்த குளிர் இன்னும் வெளியே வரவில்லை. பத்தாவது வருஷம் எனக்கு ரோஷம் வந்தது. ரோஷம் எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும். வந்தால் பூட்ஸோடு வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாகேப் அந்தத் தரையின் நடுவில் நடந்து நான் பார்த்ததில்லை. வாசலில் நுழைந்ததும் இடது கைப்பக்கம் திரும்பி, சுவரோரமாக, அலமாரிகளைப் பார்வையிடுகிறவர்போல் நிதானமாகச் சுற்றிக்கொண்டு போய் ஆசனத்தில் அமர்வார். அதிகாரத்தின் நடையே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோது நானும் அப்படி நடந்து பார்த்ததுண்டு.

விழுந்த கதைக்கு வருகிறேன். மேஜைக்கடியிலிருந்து நான் எழுந்தபோது சாகேப் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து மேஜைவரை வெள்ளையாக இரண்டு கோடுகள். டபேதார் ஓடிவந்து மண்டியிட்டுத் தடவிப் பார்த்தான்.

“அய்யய்யோ, நோடி ஸ்வாமி, பாருங்க! ரயில் ரோடு போட்டுட்டீங்களே!”

சாகேப் கன்னடத்திலேயே பேசினார். பூட்ஸ் போட்டும் எனக்குக் கன்னடம்தான் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

“இன்னொரு தடவை நீ இங்கே விழு. அன்றைக்கே உத்தரவு போடுகிறேன். இந்த அறைக்குள் எந்தக் குமாஸ்தாவுக்கும் பூட்ஸ் கிடையாது. எல்லோரும் வாசலில் கழற்ற வேண்டியதுதான்.”

வெளியே வந்தால் என் சகாக்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மூவரும் என்னைப் பார்த்துப் பூட்ஸுக்கு அளவு கொடுத்திருந்தவர்கள்.

“ஓய், விழுந்தது உம்ம இடுப்பு. போகப் போறது எங்க நாற்காலி” என்றார் ஒருவர்.

“பேசாம மன்னிப்புக் கேட்டுட்டுக் கழற்றி வெச்சிடும். நமக்கு எதுக்கு ஓய் வம்பு?” என்றார் இன்னொருவர்.

“கழற்ற மாட்டேன்” என்றேன். “இதே பூட்ஸோட நடந்து போய் அந்த நாற்காலியில உக்காருவேன். தீபாவளிக்குள்ள உக்காரலேன்னா நான் செருப்புக்கூடப் போடறதில்ல.”

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இடுப்பு வலி மனுஷனை எப்படியெல்லாம் பேசவைக்கிறது!

சாயங்காலம் முதல் வேலையாக, மார்க்கெட் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் சக்கிலியரிடம் போய் லாடத்தைப் பிடுங்கச் சொன்னேன். லாடம் அடித்தவரும் அவர்தான். குறடை எடுத்துக்கொண்டே சிரித்தார்.

“அடிக்கறப்பவே கேட்டேனே சாமி, எங்க நடக்கப் போறீங்கன்னு. நீங்க ‘வாழ்நாள் பூரா’ன்னீங்க. குதிரைக்கு லாடம் அடிச்சாக்கூட மண்ணுலதான் சாமி ஓட்டுவாங்க. கண்ணாடி மேல ஓட்ட மாட்டாங்க.”

லாடம் போன பிறகு பூட்ஸின் அடித்தோல் ஆணித் துளைகளோடு பரிதாபமாக இருந்தது. ஆனால் வழுக்கல் போகவில்லை. புதுத் தோலுக்கும் மெழுகுக்கும் அப்படி ஒரு சிநேகம். அடுத்த சனிக்கிழமைக்கு ஆறே நாள்.

என் மனைவி கொள்ளேகாலத்துக்காரி. கொள்ளேகால் அப்போது கோயமுத்தூர் ஜில்லா; ஆகையால் அவள் பிரிட்டிஷ் பிரஜையாகப் பிறந்தவள், நான் மகாராஜாவின் பிரஜை. வீட்டில் சர்ச்சை வந்தால் எந்த சர்க்கார் பக்கம் பெரும்பாலும் ஜெயித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கொல்லையில் துணி துவைக்கிற கல்லின்மேல் சோற்றுக்கஞ்சியைக் கொட்டி, பூட்ஸைப் போட்டுக்கொண்டு நான் ஏறி நின்றபோது அவள் கிணற்றடியிலிருந்து பார்த்தாள்.

“ஏனுங்க, இதென்னுங்க கூத்து? துணியத் தொவைக்கறதுக்குக் கல்லு. மனுசனத் தொவைக்கறதுக்கா?”

“பழகறேன்.”

“எதுக்குங்க பழகறீங்க?”

“நடக்கறதுக்கு.”

“முப்பத்தஞ்சு வயசுலயா!” என்றாள். அதற்குள் நான் கல்லைவிட்டுக் கீழே வந்திருந்தேன். வழக்கமான முறையில் அல்ல.

எதிர்வீட்டில் ஒரு பிடில் வித்துவான் இருந்தார். அவர் கச்சேரிக்கு முன் வில்லின் மயிரில் ஒரு பிசின் கட்டியைத் தேய்ப்பார்; ரோஸின் என்பார்கள். அது இருந்தால் வில் தந்தியில் வழுக்காமல் கவ்வும். வில்லைக் கவ்வுகிறது காலைக் கவ்வாதா என்று தோன்றியது. இரண்டு கட்டி வாங்கி வந்தேன். லேசாகத் தேய்த்திருந்தால் ஒருவேளை சரியாயிருக்கும். நான் எதையும் லேசாகச் செய்கிறவன் அல்ல. விளக்கில் உருக்கி, அடித்தோல் முழுவதும் தோசைமாவு மாதிரி வார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் விழவில்லை. போய்ச் சேரவும் இல்லை. முதல் அடி ‘பச்’சென்று பதிந்தது. பெயர்த்தெடுத்தபோது இன்னொரு ‘பச்’. ஐந்தாவது அடியில், அதாவது வெறுங்காலர்கள் நிற்கிற எல்லைக்குச் சரியாக ஓர் அடி அப்பால், இரண்டு பூட்ஸும் தரையைப் பிடித்துக்கொண்டன. நான் முன்னால் சாய்ந்தேன், பின்னால் சாய்ந்தேன். காற்றில் நெற்கதிர் ஆடுமே, அப்படி ஆடினேன். வேர் ஊன்றிவிட்டதால் விழவில்லை.

“என்ன சத்தம் அது?” என்றார் சாகேப், தலை நிமிராமல்.

“பூட்ஸ், ஐயா.”

“ஏன் அங்கேயே நின்றுவிட்டாய்?”

நான் ஃபைலைக் கை எட்டிய மட்டும் முன்னால் நீட்டினேன். டபேதார் வந்து என் கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தான். அது திரும்பி வரும்வரை நின்ற இடத்தில் நின்றேன். பிறகு டபேதாரே என் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு காலாகப் பெயர்த்து விட்டான். தரையில் பழுப்பாகப் பத்துத் தடங்கள். கொட்டாங்கச்சியால் சுரண்டியபடி, “ஸ்வாமி, நாலு நிமிஷம் வெறுங்கால்ல நின்னா உயிரா போயிடும்?” என்றான்.

“போயிடும்” என்றேன்.

நியாயமாக அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தச் சொல்லாதவர்கள் இல்லை. நிறுத்தியும் இருப்பேன், நடுவில் தசரா வந்திராவிட்டால்.

மகாராஜா யானைமேல் ஊர்வலம் வருகிற ஜம்பூ சவாரியன்று காலையில், அந்த ஊர்வலம் போகிற ரோட்டில் வண்டி வண்டியாக மணல் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். யானை வழுக்கிவிடக் கூடாதாம். நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்த ராஜ்யத்தில் யானை வழுக்குமென்றால் தெருவுக்கு மணல் போடுகிறார்கள். குமாஸ்தா வழுக்கினால் அவனைப் பூட்ஸைக் கழற்றச் சொல்கிறார்கள். யானையிடம் போய், “நீ பேசாமல் வெறுங்காலோடு போயேன்” என்று யாராவது சொன்னார்களா? யானை வெறுங்காலோடுதான் போகிறது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆனால் அதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த கோபத்தை இவ்வளவு சின்னக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

தெருக்கோடியில் ஒரு டாக்டர் இருந்தார். நம் தமிழ்க்காரர்தான், கிறிஸ்தவர். எடின்பரோவில் ஐந்து வருஷம் படித்தவர். இடுப்புக்குத் தைலம் வாங்கப் போன இடத்தில் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவுதானே? மெழுகாவது பரவாயில்லை. அங்கே குளிர்காலத்துல ரோடே ஐஸ்” என்றார்.

“ரோட்டு மேலயா?”

“ரோட்டு மேல, படிக்கட்டு மேல, எங்க பார்த்தாலும். முதல் வருஷம் எண்ணி ஒன்பது தடவை விழுந்தேன். நான் குடியிருந்த வீட்டம்மா பார்த்தாங்க. பழைய கம்பளிக் காலுறை ரெண்டு எடுத்துக் கொடுத்து, பூட்ஸுக்கு மேல மாட்டிக்கோன்னாங்க.”

“உள்ளேயா?”

“மேலே சார், மேலே! பூட்ஸைப் போட்டுக்கிட்டு, அதுக்கு மேல காலுறை. கம்பளி ஐஸைக் கடிச்சுப் பிடிச்சுக்கும். அதுக்கப்புறம் நான் விழவே இல்லை. பார்க்கறதுக்குத்தான் கரடி மாதிரி இருக்கும்.”

எனக்குக் கரடியாவதில் ஆட்சேபம் இல்லை. மறுநாளே பழைய பட்டாளத்துச் சாமான் விற்கிறவனிடம் முரட்டுக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி வாங்கினேன். சாம்பல் நிறம், ஒவ்வொன்றிலும் ஒரு பூசணிக்காயைப் போட்டு வைக்கலாம். வாங்கியாயிற்று, பரீட்சை பண்ணிப் பார்க்க வேண்டுமே? மைசூரில் ஐஸ் ரோட்டுக்கு எங்கே போவது? சர்பத்துக் கடையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருந்த பாளத்தில் பாதியை வெட்டி வாங்கி, சாக்கில் சுற்றி, குதிரைவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துவைக்கிற கல்லின்மேல் அதை வைத்து, பூட்ஸ் போட்டு, பூட்ஸுக்கு மேலே காலுறை போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

சுவரை விட்டேன். நின்றேன்!

கையை விரித்துக்கொண்டு நின்றேன். ஒற்றைக்காலில் நின்றேன். டாக்டர் சொன்னது வேத வாக்கு. அக்கம்பக்கத்துப் பெண்மணிகள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொம்பை நீட்டி, “உங்க வீட்டுக்காரர் எறங்கினதும் அந்த ஐஸ்ல துளி கொடுங்கக்கா, பானகத்துக்குப் போட” என்றாள்.

“கால் வெச்ச ஐஸுங்க அது” என்றாள் என் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, உங்க ஆபீசுல தரையில ஐஸா இருக்குது?”

“இல்லே. மெழுகு.”

“அப்பறம் ஐஸு மேல நின்னு என்னுங்க பிரயோசனம்?”

ஐஸ் சில்லென்று இருந்தது உண்மை. ஆனால் என் உடம்பு சில்லிட்டது அதனால் அல்ல. அவள் உள்ளே போய் ஒரு மெழுகுவத்தி எடுத்துவந்தாள். அரிசி புடைக்கிற இடத்தில் ஓரமாகச் சாத்தியிருந்த பலகையை எடுத்துத் தரையில் போட்டு, தேங்காயெண்ணெய் விட்டு, மெழுகுவத்தியால் நன்றாகத் தேய்த்தாள். “இப்ப ஏறுங்க பாக்கலாம்.”

ஏறினேன். கம்பளி ஐஸைக் கடிக்கும்; மெழுகை முத்தமிடும். பலகை ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன்.

“போச்சாது போங்க, ஒண்ணுமில்லீங்க” என்று தூக்கி உட்காரவைத்தாள். அதோடு விடவில்லை. மாடத்தில் மிச்சமிருந்த அரைக்கட்டி ரோஸினை எடுத்து அம்மியில் வைத்துப் பொடித்தாள். பொடியைக் காலுறையின் அடியில் தூவி, புளிக்குழம்புக்கு வறுத்த பொடியை நுணுக்குகிற மாதிரி உள்ளங்கையால் கம்பளிக்குள் தேய்த்து ஏற்றினாள். “தோலுல ஊத்துனா கோந்து. கம்பிளிக்குள்ள தூவுனா பொடி. இவ்வளவு படிச்சிருக்கீங்க!”

அந்தப் பலகைமேல் நான் குதித்துக்கூடப் பார்த்தேன். ஒரு நூல் நகரவில்லை. இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தது யார் என்று ஆபீசில் கேட்டபோதெல்லாம் எடின்பரோ என்று சொல்லிவந்தேன். இதையும் இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. வாசலில் நின்று பூட்ஸின் மேல் காலுறையை மாட்டிக்கொண்டேன். டபேதார் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். பின்னால் கதவிடுக்கில் என் சகாக்கள் மூவரின் மூக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. விழுந்தால் அவர்கள் பூட்ஸும் போயிற்று. இங்கிலீஷும் போயிற்று, நாற்காலியும் போயிற்று; இன்னும் ஒன்பது வருஷம் மார்கழிக் கல்லில் கொக்கு.

நடந்தேன். நாலாவது அடியைத் தாண்டினேன். ஐந்தாவது அடியில் என் பழைய தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது, அதையும் தாண்டினேன். பத்து, பன்னிரண்டு. தரைக்குள்ளே தலைகீழாக ஒரு கரடி என்னோடு நடந்துவந்தது. பதினெட்டு. மேஜை விளிம்பு என் வயிற்றைத் தொட்டது. நாற்காலி என் வலது கைப்பக்கம், எட்டிப்பிடிக்கும் தூரத்தில்.

சாகேப் கண்ணாடிக்கு மேலாக என் காலைப் பார்த்தார். பூட்ஸ் அவருக்குத் தெரியவில்லை. கம்பளிக் காலுறைதான் தெரிந்தது. அவர் முகம் மலர்ந்தது. ஒன்பது வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

“பலே!” என்றார், கன்னடத்தில். “கடைசியில் புத்தி வந்ததே. பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு வந்திருக்கிறாய். இதுதான் மரியாதை. போ, போய் உன் இடத்தில் நின்று வாசி.”

பின்னால் கதவிடுக்கில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது.

யோசித்துப் பார்த்தால் எனக்கு அப்போது சௌகரியம்தான். நான் விழவில்லை. சாகேப்புக்கு சந்தோஷம். காலுறைக்குள்ளே இருப்பது பூட்ஸ் என்பது எனக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும். பேசாமல் திரும்பிப் போய் நாலாவது அடியில் நின்று வாசித்திருந்தால் சம்பள உயர்வுகூட வந்திருக்கும். உலகத்தில் முக்கால்வாசி சமாதானம் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஐஸ் பாளத்தின்மேல் ஊர் பார்க்க நின்றவனுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

“இல்லை ஐயா. உள்ளே இருப்பது பூட்ஸ்” என்றேன்.

“என்ன?”

நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். ஒற்றைக்காலில் நின்று, வலது காலுறையை உருவினேன். மெதுவாகத்தான் வந்தது, வாழைப்பூ உரிக்கிற மாதிரி. உள்ளேயிருந்து பூட்ஸ் வெளிப்பட்டது, முதல் நாள் ராத்திரி மை போட்டுத் துடைத்தது. அதைத் தரையில் ஊன்றாமல் அந்தரத்தில் நீட்டிக் காட்டினேன். அது சாகேப்பின் கண்ணாடியிலேயே தெரிந்தது. பிறகு இடது காலுறைக்குக் குனிந்தேன்.

“வேண்டாம்!” என்றார் சாகேப்.

அவர் பார்வை என் காலில் இருந்து தரைக்கும், தரையில் இருந்து காலுக்கும் போய்வந்தது. ரயில் ரோடு அவர் மனக்கண்ணில் ஓடியிருக்க வேண்டும். காலுறை இல்லாத இந்த மனுஷன் திரும்பப் பதினெட்டு அடி நடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருப்பார். பிறகு அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“உட்காருங்கள்” என்றார். இங்கிலீஷில்.

உட்கார்ந்தேன். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் கரடி. பன்னிரண்டு பக்கத்தையும் உட்கார்ந்தபடியே இங்கிலீஷில் வாசித்தேன். அவசரமே படவில்லை, கால் மாற்ற வேண்டிய அவசியம் இல்லையல்லவா. முடிந்ததும் அவர், “போகும்போது தயவுசெய்து அந்தக் காலுறையை மாட்டிக்கொண்டு போங்கள்” என்றார். தயவுசெய்து! மாட்டிக்கொண்டுதான் போனேன். நான் எதிரியிடமும் நியாயமாக நடப்பவன்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் இலாகாவில் நாலு ஜோடிக் கரடிகள் நடமாடின. தை மாதத்துக்குள் அந்த அறையில் இரண்டாவது நாற்காலி வந்தது. இரண்டு வருஷம் கழித்து, செருப்புக்காரர்களும் காலுறை மாட்டினால் செருப்போடு வரலாம் என்று ஆயிற்று. சின்ன விஷயம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர்கள் மார்கழியில் கறுப்புக் கல்லின்மேல் பன்னிரண்டு பக்கம் வாசித்தவர்கள் அல்ல. இன்றைக்கு யாராவது வந்து, அதே பூட்ஸ், அதே தரை, அதே மேலதிகாரி, கழற்றுகிறாயா என்று கேட்டால், கழற்ற மாட்டேன். லாடம் மட்டும் அடிக்க மாட்டேன். முழங்கால் வலிக்கிற ஒவ்வொரு மார்கழியும் எனக்கு இதையே ஊர்ஜிதம் செய்கிறது.

ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த அன்று மத்தியானம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். சாகேப் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். என் சகாக்கள் மூவரும் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, அந்த உபாயத்தைக் காகிதத்தில் எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஐஸ், கம்பளி, ரோஸின் எல்லாவற்றையும் விஸ்தாரமாக விளக்கினேன். எடின்பரோவின் சீதோஷ்ண நிலையையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். டபேதார் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். நான் முடித்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

“அதெல்லாம் சரி ஸ்வாமி. நீங்க ஏன் நடுவுலயே வர்றீங்க? எடது பக்கம் சுவரோரமா நான் மெழுகே போடறதில்ல. பன்னெண்டு வருஷம் முன்னாடி, நீங்க வர்றதுக்கு முந்தி, சாகேபரு விழுந்தாரே, அன்னியிலிருந்து.”